பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா? – எம்ஜிபி காரின் கதை



நம் வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், எட்டு மூலைச் சின்னத்துக்குள் 'எம்ஜி' என்று எழுதிய வண்டிகள் சிலவற்றைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவுக்கு 2019-ல் ஹெக்டர் என்ற மாடலோடு வந்த பெயர் அது. இன்று அந்தப் பெயர் சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனத்திடம் இருக்கிறது. பிறந்த ஊர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே மாரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை நிலையத்தை நிர்வகித்த சிசில் கிம்பர், 1920-களில் சாதாரண மாரிஸ் கார்களின் மேல் எடுப்பான பாடி கட்டி விற்கத் தொடங்கினார். கடைப் பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்ஜி.

அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பற்றி இந்த இதழில் சொல்லப்போகிறேன். பெயர் எம்ஜிபி. கார் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். மிக்ஸி முதல் மோட்டார் பம்பு வரை, "ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா" என்ற பேச்சு வராத வீடு நம் வளாகத்தில் இருக்காது. அந்தக் கேள்விக்கு எம்ஜிபி சொந்தக்காரர்கள் நாற்பது வருடங்களுக்கு மேலாக விடை தேடுகிறார்கள். அவர்கள் கண்ட விடையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

எப்படிப்பட்ட கார்?

எம்ஜிபி 1962 செப்டம்பரில் வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரும் கார். மேலே துணிக்கூரை, வெயில் அடித்தால் மடக்கிவிடலாம். வரிக்கு முன் விலை 690 பவுண்டு. பெரும் பணக்காரர் இல்லாத, சம்பளம் வாங்கும் இளைஞரும் சேமித்து வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 1965-ல் தகரக்கூரை போட்ட ஜிடி என்ற வடிவமும் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் தயாரானது.

அதன் இன்ஜின் 1798 சிசி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரீஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1489 சிசி இன்ஜின்தான் நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியது. ஆகவே அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு எம்ஜிபி ஒருவகையில் சித்தப்பா மகன்.

மொத்தத்தில் 18 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் ஆபிங்டனிலிருந்து வெளியேறின. பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது.

துரு எங்கே பிடிக்கும்?

இந்தக் கதையின் வில்லன் துரு. எங்கே பிடிக்கிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் மற்றது புரியும்.

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரில், லாரியில் இருப்பதுபோல் தனி சேஸி உண்டு. அதன் மேல் பாடியை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பாடி துருப்பிடித்தால் கழற்றி டிங்கரிங் செய்யலாம், சேஸி தாங்கிக்கொள்ளும். எம்ஜிபியில் தனி சேஸி கிடையாது. தகடுகளை வளைத்து, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, முழு உடம்பையும் ஒரே கூடாக ஆக்கியிருந்தார்கள். இன்று நாம் ஓட்டும் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். இதனால் கார் இலகுவாகும், உள்ளே இடமும் கிடைக்கும்.

ஆனால் துணிக்கூரை காரில் ஒரு சிக்கல். மேலே கூரை தாங்காது என்பதால் பாரம் முழுவதும் அடிப்பகுதிக்கு வருகிறது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, இருபுறமும் பெட்டி போன்ற ஒரு பகுதி ஓடும். 'சில்' என்பார்கள். எம்ஜிபியின் முதுகெலும்பு அதுதான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு பொடிப்பொடியாகியிருக்கும்.

பழைய எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள் இன்றும் ஒரு சோதனை செய்கிறார்கள். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்ப்பது. இடைவெளி சுருங்கினால், கதவு மூட முரண்டு பிடித்தால், கார் நடுவில் வளைகிறது என்று பொருள். அதற்குமேல் இன்ஜின் எப்படி இருந்தாலும் பயனில்லை.

கம்பெனியும் தப்பவில்லை

சரிசெய்வதா, மாற்றுவதா என்ற கேள்வி காரின் சொந்தக்காரருக்கு வருமுன்பே, செய்த கம்பெனிக்கு வந்தது. 1968-ல் கம்பெனிகள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது, எம்ஜியும் அதன் நெடுநாள் போட்டியாளரான டிரையம்ப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தன. எம்ஜிபிக்கு அடுத்த கார் என்று ஒன்று வரவில்லை. புதிய முதலீடு டிரையம்ப் டிஆர்7 காருக்குப் போனது.

எம்ஜிபிக்குக் கிடைத்தது ஒட்டுவேலை. மெதுவாக மோதினாலும் விளக்கு முதலியவை சேதமாகக் கூடாது என்று அமெரிக்கா புது விதி கொண்டுவந்தது. அதற்காக 1974 கடைசியில் குரோம் பம்பரை எடுத்துவிட்டு, கறுப்பு ரப்பர் பூசிய தடித்த பம்பரை மாட்டினார்கள். விதிப்படி உயரம் போதவில்லை என்று காரையே சற்றுத் தூக்கினார்கள். வளைவில் கார் சாய்ந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்க மாடலில் இரண்டு கார்புரேட்டரை ஒன்றாக்கினார்கள், வேகமும் குறைந்தது. இன்றும் பழைய கார் சந்தையில் குரோம் பம்பர் எம்ஜிபிக்குத்தான் விலை அதிகம்.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் மக்கள் ஊரில் எம்ஜியின் பொன்விழாவைக் கொண்டாடினார்கள். தொழிற்சாலை அங்கே வந்து 50 ஆண்டுகள். விழாவின் சூடு ஆறுமுன்பே, ஆபிங்டன் ஆலையை மூடப்போவதாகப் பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறியிருந்ததால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நஷ்டம் என்பது நிர்வாகத்தின் வாதம். கார் சொந்தக்காரர்கள் லண்டனில் எம்ஜி கார்களிலேயே ஊர்வலம் போனார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தரப்பினர் சேர்ந்து எம்ஜியை வாங்க முயன்றார்கள், கைகூடவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளிவந்தது. தலைமுறைகளாக அந்த ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வழி தேடின. எம்ஜியைவிட வேண்டியதாகக் கருதப்பட்ட டிஆர்7 அடுத்த ஆண்டே நின்றுபோனது.

பழசைச் செப்பனிடவும் இல்லை, புதுசு செய்யவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான் என்று வணிகவியல் வகுப்பில் சொல்வார்கள். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

காயலான் கடைக் கணக்கு

1980-களில் ஒரு எம்ஜிபி சொந்தக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சில் அரித்துவிட்டது. மெக்கானிக் அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைக்கலாம் என்கிறார். அறுத்தால் பக்கத்துத் தகடும் துரு. அதை அறுத்தால் தரைத்தகடும் துரு. வேலை செய்யும்போது காரைச் சரியாக முட்டுக்கொடுத்து நிறுத்தாவிட்டால், வெல்டிங் முடிந்தபின் கதவு பொருந்தாது. கூலி ஏறிக்கொண்டே போகும்.

சரி, இதை விற்றுவிட்டு இன்னொரு எம்ஜிபி வாங்கலாமா? அதுவும் அதே வயது, அதே உப்பு, அதே துரு. வேறு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? அந்த விலையில், அந்த வகையில், இங்கிலாந்தில் புதிதாக எதுவும் பெரிய அளவில் வரவில்லை. சரிசெய்யவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. பல கார்கள் நேராகக் காயலான் கடைக்குப் போயின.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள் நினைவிருக்கிறதா? தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்துகொண்டிருந்தவரை அவை அடுப்படியில் இருந்தன. அவர் வருவது நின்றதும் பரணுக்கு ஏறின. பாத்திரம் கெட்டுப்போகவில்லை, ஈயம் பூச ஆள் இல்லை, அவ்வளவுதான். எம்ஜிபியின் நிலையும் அதுவே.

1988: புதுக்கூடு

அந்த ஈயம் பூசுகிறவர் 1988-ல் வந்தார். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரிபாகம் தொடர்ந்து கிடைக்கச் செய்வதற்காக பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் இயங்கிவந்தது. அதை நடத்திய டேவிட் பிஷப், எம்ஜிபியின் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பழைய அச்சுகளைத் தேடிச் சேகரித்தார். கார் நின்றுபோனால் அச்சுகளும் பெரும்பாலும் இரும்பு விலைக்குப் போய்விடும். இவை போகுமுன் கைக்கு வந்தன. 1988 ஏப்ரலில், பெரும்பாலும் அந்த அசல் அச்சுகளைக் கொண்டே, புத்தம் புதிய முழு எம்ஜிபி கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கார் நின்று எட்டு வருடம் ஆகப்போகிற சமயம் அது.

இதன் பொருள் என்ன? துருப்பிடித்த காரிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டீயரிங், சீட்டு, ஒயரிங் எல்லாவற்றையும் கழற்றி, துருவே இல்லாத புதுக்கூட்டில் மாட்டிவிடலாம். மாதக்கணக்கான டிங்கரிங் மிச்சம். எம்ஜிபிக்குப் பிறகு மிட்ஜெட், டிரையம்ப் டிஆர்6, மினி என்று மற்ற கார்களின் கூடுகளும் வந்தன. உதிரிபாகம் விற்கும் கடைகள் பெருகின. இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே சுலபமாகப் பாகம் கிடைக்கும் கார் எம்ஜிபி என்ற பெயர் அதற்கு உண்டு.

1989: மாற்றும் வந்தது

வேடிக்கை பாருங்கள். சரிசெய்ய வழி பிறந்து பத்தே மாதத்தில், மாற்றுவதற்கும் வழி பிறந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 மியாட்டா காரை அறிமுகப்படுத்தியது. இரண்டு இருக்கை, மடக்கும் கூரை, முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், எடை குறைவு. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் இலக்கணம் அப்படியே இருந்தது. ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆகும், மழையில் ஒழுகாது, தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகலாம்.

2000-ம் ஆண்டில் உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் அதைப் பதிந்தது. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. எம்ஜிபி விட்டுப்போன இடம் காலியாகத்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதைக் கண்ட எம்ஜி தரப்பு மூன்றாவது வழி ஒன்றை முயன்றது. அப்போது எம்ஜி பெயரை வைத்திருந்த ரோவர் நிறுவனம், அந்த ஹெரிடேஜ் கூட்டையே திருத்தி, 3.9 லிட்டர் வி8 இன்ஜினை வைத்து, 1992-ல் ஆர்வி8 என்ற காரை வெளியிட்டது. முப்பது வருடப் பழைய உடம்பில் புது உயிர். மொத்தம் 1,983 கார்கள்தான் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை வாங்கியவர்கள் ஜப்பானியர்கள்! ஜப்பான் பிரிட்டிஷ் பாணிக் காரை உலகுக்கு விற்க, பிரிட்டன் அசல் பாணிக் காரை ஜப்பானுக்கு விற்றது.

கூடு மாறினால் கார் அதுவேதானா?

உங்களில் சிலர் இதற்குள் கேட்டிருப்பீர்கள்: கூடு முழுவதும் புதிது என்றால், அது பழைய கார்தானா? பழைய எண்ணில் ஓட்டலாமா?

பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை இதற்குப் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. சேஸி அல்லது கூடு அசலாகவோ, அதே அமைப்பில் மாற்றமில்லாத புதியதாகவோ இருந்தால் 5 மதிப்பெண். சஸ்பென்ஷனுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்பாக்ஸுக்கு 2, ஸ்டீயரிங்குக்கு 2, இன்ஜினுக்கு 1. குறைந்தது 8 இருந்தால் பழைய பதிவெண்ணையே வைத்துக்கொள்ளலாம். அதாவது, ஹெரிடேஜ் கூட்டில் தன் பழைய பாகங்களை மாட்டிய எம்ஜிபி, சட்டத்தின் கண்ணில் அதே கார். இன்ஜினுக்கு ஒரே மதிப்பெண் என்பது நமக்கு வியப்பாக இருக்கும். காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்பதற்கு ஒரு அரசு அலுவலகம் தந்த விடை அது.

நம் நாட்டில் பார்வை வேறு. 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனத்தை 'விண்டேஜ்' என்று தனி வரிசையில் பதிவு செய்யலாம். ஆனால் அது அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. தவிர, அதைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டவும் முடியாது. பழைய வண்டியைச் சரிசெய்ய நினைப்பவர்கள், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் இந்த விதியைப் படிப்பது நல்லது.

வங்கிக்காரன் கணக்கு

வங்கிப் பேரேட்டில் கார் வருடாவருடம் தேய்மானம் கழிந்து, ஒருநாள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். பல வருடம் அந்தக் கணக்கை எழுதியவன் நான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் அந்தக் கணக்குக்கு அடங்காது. தேய்மானம் ஒரு கட்டத்தில் நின்று, மதிப்பு திரும்ப ஏறவும் செய்யும். அதனால்தான் அங்கே பழைய கார் இன்சூரன்ஸில், கம்பெனியும் சொந்தக்காரரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு முறை இருக்கிறது.

ஆனால் இதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. எம்ஜிபி 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. ஒர்க்‌ஷாப்பில் விட்டு முழுதாகப் புதுப்பித்தால், பெரும்பாலும் செலவு முடிந்த காரின் விலையைத் தாண்டிவிடும். ஜாகுவார் இ-டைப் போன்ற விலையுயர்ந்த காரில் செலவுக்கு ஈடாக மதிப்பு கிடைக்கலாம்; எம்ஜிபியில் அந்த நம்பிக்கை வேண்டாம். அதனால்தான் அனுபவசாலிகள், வேறொருவர் செலவழித்துப் புதுப்பித்து முடித்த காரை வாங்குவதே மலிவு என்கிறார்கள்.

முடிவெடுக்க உட்காரும்போது மூன்று எண்களை மட்டும் தாளில் எழுதுங்கள். இப்போதுள்ள நிலையில் விற்றால் என்ன கிடைக்கும். முடிக்க இனி என்ன செலவாகும். முடித்தபின் என்ன பெறும். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவதைவிட எவ்வளவு அதிகமோ, அதுதான் உங்கள் ஆசையின் விலை. இதுவரை செய்த செலவை அந்தத் தாளில் எழுதக் கூடாது. "ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே" என்ற எண்ணத்தால் மேலும் மேலும் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு. போனது போனதுதான்.

ஆசையின் விலை என்றேனே, அது கெட்ட செலவு என்று சொல்லவில்லை. குடும்பத்தோடு காசி யாத்திரை போகிறோம். லாபம் பார்த்தா போகிறோம்? தெரிந்து செய்தால் அது செலவு. முதலீடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செய்தால்தான் நஷ்டம்.

மாற்றுக்கும் வயதாகும்

கதையின் கடைசி முடிச்சு இதுதான். 1989-ல் புதிதாக வந்த மாஸ்டாவுக்கும் வயதானது. அதற்கும் துரு வந்தது, கூரை கிழிந்தது, பாகம் கிடைப்பது அரிதானது. 2017-ல் மாஸ்டா நிறுவனமே முன்வந்து, ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்தது. துணிக்கூரை, மர ஸ்டீயரிங், அக்காலத்து டயர் போன்றவற்றை மறுபடி தயாரிக்க ஏற்பாடு செய்தது. பழைய கார்களுக்கு மாற்றாக வந்த கார், இப்போது தானே புதுப்பிக்கப்படும் பழைய காராகிவிட்டது.

ஆக, சரிசெய்வதா மாற்றுவதா என்பதை நாம் மட்டும் முடிவு செய்வதில்லை. அச்சைப் பத்திரமாக வைத்தவரும், பாகத்தை மறுபடி செய்ய முன்வந்த நிறுவனமும், வெல்டிங் கற்றுத் தேர்ந்த தொழிலாளியும் நமக்காகப் பாதி முடிவை முன்பே எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் இருக்கும்வரைதான் நமக்குத் தேர்வு செய்யும் உரிமை உண்டு.

நம் வளாகத்தில் உறைபோட்டு நிற்கும் பழைய வண்டிகள் சில இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசை இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். அது எப்போதும் இருக்கும். பாகம் கிடைக்கிறதா, வேலை தெரிந்த ஆள் இருக்கிறாரா, அடிப்பகுதித் தகடு உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாக இறங்குங்கள். இல்லையென்றால், இன்னொருவருக்காவது அதன் பாகங்கள் உதவும்படி நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள். உறைக்குள் வைத்து இரண்டு முடிவையும் தள்ளிப்போட்டால், துரு நமக்காக முடிவெடுத்துவிடும்.